படம் நல்லாத்தான் தெரியுது

டிவி கெட்டுப்போனது வெள்ளிக்கிழமை. புதுசு வாங்கவைப்பதற்காக, கெட்டுப்போனதாக நான் கதை கட்டுகிறேன் என்று என் கணவர் சொல்ல ஆரம்பித்தது சனிக்கிழமை.

கெட்டது என்றால் முழுக்கக் கெடவில்லை. திரையின் இடது பாதி மட்டும் இருண்டுவிட்டது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வலது பக்கம் பளிச்சென்று படம், இடது பக்கம் அடுப்புக் கரி. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

"என்னங்க, பாதி டிவி செத்துப்போச்சு. தம்பிக்கு ஒரு ஃபோன் போடுங்க" என்றேன்.

அவர் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்தி விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க செத்துச்சு? படம் நல்லாத்தான் தெரியுது."

"இதுக்குப் பேரு நல்லாத் தெரியுறதா? ரெண்டு பேரு சண்டை போடுற சத்தம் கேக்குது, ஒருத்தன் மூஞ்சிதான் இருக்கு. இன்னொருத்தன் எங்க?"

"அவன் ஃபோன்ல பேசுறான்டி. வெளியூர்ல இருப்பான்."

நான் சிரித்துவிட்டேன். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அவர் எதையும் நேராகச் சொல்லமாட்டார். குழம்பில் உப்பு குறைந்தால், "யாருக்கு ரத்தக்கொதிப்பு?" என்று கேட்பார். நான் புதுப்புடவை கட்டினால், "யார் வீட்டுத் திரைச்சீலை?" என்பார். கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறேன். பிறகு நானும் கற்றுக்கொண்டேன். இப்போது அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். வெளியாட்கள் கேட்டால் சண்டை என்றுதான் நினைப்பார்கள்.

கூடவே கையிறுக்கம். தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து, உள்ளே பிரஷ்ஷை விட்டு இன்னும் நாலு நாள் ஓட்டுகிற மனிதர். அவர் டிவி நன்றாகத் தெரிகிறது என்று சாதித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பாதி ஓடினால் போதும், மின்சாரமும் பாதி மிச்சம் என்று கணக்குப் போடுகிறார். அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்குத் தொழில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. வேன் சொந்தம். காலையில் வேன் நிறையச் சின்னப் பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளியில் விடுவார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டே ஒரு தூக்கம். பள்ளி விடும் நேரத்துக்குப் போய்த் திரும்ப அழைத்துவந்து ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வாசலில் இறக்குவார். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் மட்டும் விளையாட்டுப் பேச்சுக் கிடையாது. பிள்ளை கேட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை வேனை நகர்த்தமாட்டார் என்று தெருவெல்லாம் பேர்.

அந்த வாரம் எங்களுக்குள் ஏட்டிக்குப் போட்டி அதிகமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை முகச்சவரம் செய்துகொண்டு வந்தவருக்கு ஒரு பக்கக் கன்னத்தில் முடி அப்படியே இருந்தது. "டிவி மாதிரியே பாதி மூஞ்சிக்குத்தான் கரண்டா?" என்றேன். தடவிப் பார்த்து, "பிளேடு மிச்சம்" என்றார். செவ்வாய்க்கிழமை வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிக்கொண்டு வந்தது. "நிறுத்தி வச்ச இடத்துல எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்" என்று, முகம் தெரியாத அந்த எவனையோ ராத்திரிவரை திட்டித் தீர்த்தார். நானும் சேர்ந்து திட்டினேன்.

புதன்கிழமை, அவரிடம் சொல்லாமல், தம்பியை வரச்சொன்னேன்.

என் தம்பி டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மத்தியானம், அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த நேரம் பார்த்து, கருவிப் பையோடு உள்ளே வந்தான்.

"பேஷண்ட் எங்க?"

"வா மாப்ளே. உங்க அக்காவுக்குத்தான் கண்ணு சரியில்ல. அவளைப் பாரு" என்றார் அவர்.

தம்பி டிவியைப் போட்டுப் பார்த்தான். இடது பாதி கரி. அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "மாமா, இதுல உங்களுக்குப் படம் நல்லாத் தெரியுதா?"

"தெரியாம என்ன?"

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா மாமா? கூலி கேக்கமாட்டேன், பயப்படாதீங்க. அக்கா ஒரு டீ குடுத்தாப் போதும்."

"அப்பச் சரி. பிரிச்சுக்கோ" என்று கையை விரித்தார். மூன்று பேரும் சிரித்தோம்.

டிவியை மேசையின் நடுவுக்கு இழுத்து, அது நிற்கிறபடியே பின்பக்க மூடியைக் கழற்றினான் தம்பி. உள்ளே நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கரண்ட் வாங்குகிற பலகை, ஒரு பக்கம் பெரிய பலகை, மேலே நடுவில் பிஸ்கட் பாக்கெட் அகலத்தில் ஒரு சின்னப் பலகை. அந்தச் சின்னதிலிருந்து இரண்டு பக்கமும் நாடாபோல இரண்டு தட்டையான வயர்கள் திரைக்குப் போயின.

"இதுதான் அக்கா விஷயம். இந்த ரெண்டு பட்டையிலதான் படம் போகுது. ஒண்ணு ஒரு பாதிக்கு, ஒண்ணு மறுபாதிக்கு. ஒரு பட்டை முனையில அழுக்கு பிடிச்சாலோ, பூட்டு நழுவினாலோ அந்தப் பாதி அவுட்டு. திரையே போயிருந்தாத்தான் செலவு. முதல்ல இதைப் பார்ப்போம்."

"எனக்கு இடது பக்கம்தானே கரி? நீ வலது பக்கம் கை வைக்கிறியே?"

"பின்னாடி இருந்து பாத்தா மாறித்தானே இருக்கும்?" என்று சிரித்தான். பிறகு பையைத் துழாவி, "அடச்சே" என்றான்.

பின்பக்கம் நின்று வேலை செய்கிறவனுக்கு முன்பக்கம் படம் வருகிறதா என்று தெரியாது. அதற்காக முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எதிர் நாற்காலியில் சாய்த்துவைத்து அதில் பார்த்துக்கொள்வான். அன்றைக்கு அது கடையிலேயே தங்கிவிட்டது.

"மாமா, நாற்காலியைக் கொஞ்சம் நேராப் போடுங்க. இன்னைக்கு நீங்கதான் கண்ணாடி. நான் கேக்கக் கேக்க என்ன தெரியுதுன்னு சொல்லணும்."

"சம்பளம்?"

"அக்காகிட்ட ஒரு டீ சேத்துச் சொல்லியிருக்கேன்."

நான் டீ போட உள்ளே போனேன். சமையலறையில் பேச்சும் சத்தமும் மட்டும் காதில் விழுந்தன. பிளக்கைப் பிடுங்கினான். பள்ளிக்கூட ரப்பரால் வயர் முனையைத் தேய்க்கும் சத்தம். ஸ்பிரிட் வாசனை. மறுபடி பிளக்கைச் செருகினான். டிவி தன் தொடக்க இசையைப் பாடியது.

"எப்படி மாமா?"

"நல்லாத்தான் இருக்கு."

"இடது பக்கம் வந்துருச்சா?"

"எல்லாம் இருக்குடா."

நான் எட்டிப் பார்த்தேன். இடது பாதி அதே கரி.

"டேய், அவர் பேச்சைக் கேக்காத. ஒண்ணும் வரல. இந்த மனுஷனுக்கு விளையாடுறதுக்கு வேற நேரமே கிடைக்காதா?"

"மாமா, விளையாடாதீங்க மாமா. நான் திரை போச்சுன்னு முடிவு கட்டிருவேன். அப்புறம் புதுசுதான் வாங்கணும்."

"நான் எங்கடா விளையாடினேன்?" என்றார் அவர். குரலில் கோபம் இருந்தது. பாசாங்குக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். பால் பொங்குகிறதே என்று திரும்பிவிட்டேன்.

தம்பி வேறு வழி பார்த்தான். இப்படியான நேரத்தில் இரண்டு வயரையும் ஒன்றாக வைத்துச் சோதிக்கக்கூடாதாம். ஒரு பாதியின் கோளாறு மறுபாதியை இழுத்துவிடுமாம். நன்றாக வேலை செய்யும் பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சந்தேகப்பட்ட பட்டையை மட்டும், பூட்டு 'டக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டினான். நான் மூன்று டம்ளர் டீயோடு கூடத்துக்கு வந்த நேரம் அவன் சுவிட்சைப் போட்டான்.

திரை எரிந்தது.

இடது பாதியில் படம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து காணாமல்போயிருந்த பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை ஆட்டி ஆட்டி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தான்வரை பளிச்சென்று தெரிந்தது. தம்பி பட்டையைக் கழற்றிவைத்த வலது பாதி மட்டும் இருட்டு.

எனக்குச் சந்தோஷம். வந்துருச்சுடா என்று வாயெடுத்தேன்.

"போச்சு!" என்று கத்தினார் என் கணவர். நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். "மொத்தமாப் போச்சு! ஓரளவு ஓடிக்கிட்டு இருந்ததையும் கெடுத்துட்டியேடா பாவி! ஒண்ணுமே இல்ல, ஒரே இருட்டு!"

தம்பி டிவிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். சிரித்துக்கொண்டுதான் நீட்டினான். திரையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மனிதர் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் கண்ணில் அந்த ஆள் படவே இல்லை. அவர் நடித்தால் எனக்குத் தெரியும். பொய்க் கோபத்தில் அவருக்கு ஒரு புருவம் மேலே போகும். அன்றைக்கு இரண்டு புருவமும் சுருங்கி, உண்மையாகவே பொருள் போன மனிதரின் முகமாக இருந்தது.

"மாமா, ஒண்ணும் தெரியலையா?" தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

"என்ன நக்கலா? நீதான் வந்து பாரேன்!"

டீத் தட்டை மேசையில் வைத்தேன். எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

தம்பி சுற்றி வந்து அவருக்கு நேர் எதிரே நின்றான். கையில் ஸ்க்ரூ டிரைவர். "மாமா, உக்காருங்க. என் மூக்கையே பாருங்க. கண்ணை ஆட்டக்கூடாது. இந்த மஞ்சப் பிடி தெரியுதா?"

"தெரியுது. என்னடா வித்தை காட்டுற?"

அவருடைய வலது காதுப் பக்கமிருந்து மெதுவாக அந்த மஞ்சள் பிடியை முகத்துக்கு முன்னால் நகர்த்தினான்.

"தெரியுது... தெரியுது... இருக்கு..." மூக்குக்கு நேராக வந்ததும், "எங்க எடுத்துட்ட?" என்றார்.

தம்பி எடுக்கவில்லை. அது அவருடைய இடது கண்ணுக்கு முன்னால், அவர் மூச்சு படும் தூரத்தில் இருந்தது. இடது கண்ணை மூடச்சொன்னான். அதே இடம்வரைதான் தெரிந்தது. வலது கண்ணை மூடச்சொன்னான். அப்போதும் அதே இடத்தில், "எடுத்துட்டியே" என்றார்.

டிவியில் பார்த்த அதே கோடு. நட்டநடுவில், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றான் தம்பி. அவன் இதற்குமுன் என்னிடம் அப்படிச் சிரிக்காமல் பேசியதாக நினைவில்லை.

"யாருக்கு ஆஸ்பத்திரி?" என்று எழுந்தார் அவர். "ஸ்கூல் விடுற நேரம் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கூத்தடிங்க, எனக்கு வேலை இருக்கு. சாவி எங்க?"

வேன் சாவியை அவர் எப்போதும் மேசையில்தான் போடுவார். அன்றும் அங்கேதான் இருந்தது. டிவியின் இடது ஓரம், சிவப்புக் கயிறு கட்டிய சாவி. அவர் மேசைக்கு முன்னால் நின்று தேடினார். டீத் தட்டை நகர்த்தினார். தம்பியின் ரப்பரை எடுத்துப் பார்த்தார். கழற்றிய திருகுகளைத் தள்ளினார். எல்லாம் வலது பக்கம். கை நடுவரை வரும், திரும்பிவிடும்.

"சாவியை ஒளிச்சு வச்சிட்டியா? பிள்ளைங்க விஷயத்துல விளையாடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

நான் சும்மா நின்றிருந்தால் போதும். அவருக்குச் சாவி கிடைக்கப்போவதில்லை. அந்தக் கூடத்தில் ராத்திரிவரை தேடினாலும் கிடைக்காது. ஆனால் நான் ஒளித்துவைத்தேன் என்று நினைத்துக்கொண்டு நிற்கிற அவரை என்னால் பார்க்கமுடியவில்லை. அதைவிட, நாளைக்கு? நாளைக்குச் சாவியை அவர் வலது பக்கம் போட்டுவைத்தால்?

பக்கத்தில் போய், அவர் தாடையை இரண்டு கையாலும் பிடித்தேன். பிள்ளைக்குத் தலைவாரும்போது திருப்புவதுபோல மெல்ல இடது பக்கம் திருப்பினேன்.

சாவி அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் உள்ளங்கைக்குள் அவர் தாடை நடுங்கியது.

"இது... இப்பத்தான் வந்துச்சு" என்றார்.

"அங்கயேதாங்க இருந்துச்சு."

அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராகப் பார்த்தால் சாவி இல்லை. திருப்பினால் இருந்தது. மறுபடி நேராக. மறுபடி திருப்பி. பிறகு டிவியைப் பார்த்தார். தலையை நன்றாகத் திருப்பி, அந்த விரலாட்டும் மனிதரைக் கண்டுகொண்டு, வாயைத் திறந்தபடி நின்றார்.

யாரிடமோ கேட்பதுபோலச் சொன்னார்: "பிள்ளைங்க எல்லாம் இடது பக்கமாத்தானே இறங்குது."

வேனின் கதவு இடது பக்கம். அவரவர் வாசலும் இடது பக்கம். இறங்கின பிள்ளை, வேன் நகரும்வரை நிற்கிற இடமும் அதுதான்.

அவர் சாவியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்து அவன் விரல்களை மடக்கினார். "நீ ஓட்டு. டிவி ஏத்தி இறக்கி வேன் ஓட்டுன கைதானே. நான் ஸ்கூலுக்குச் சொல்லிடுறேன். கடைசி வீடு நீல கேட்டு. அந்தப் பாப்பா ரொம்பச் சின்னது, உள்ள போய்க் கதவைச் சாத்துறவரைக்கும் நகராத." சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவரிடமிருந்து ஒரு கேலி, ஒரு குத்தல், ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை, "இருக்கியா?" என்று கேட்டார். அதன்பிறகு கையைப் பிடித்துக்கொண்டேன்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கம், பின்னால், ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். கண் முழுசாகத்தான் பார்த்து அனுப்புகிறது. இடது பக்கக் காட்சியை வாங்கிக்கொள்வது மூளையின் வலது பக்கமாம்; அந்த இடம்தான் வேலை செய்யவில்லை. ஒரு பாதி இல்லை என்பதே அவருக்குத் தெரியாதாம். தம்பி காட்டிய அந்த இரண்டு நாடா வயர்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

அப்போது தம்பியின் ஃபோன் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் பத்திரமாக இறக்கிவிட்டானாம். நீல கேட் சாத்தியதையும் பார்த்தானாம். பிறகு அவன் குரல் மாறியது.

"அக்கா, ஸ்கூல் வாசல்ல இடது பக்கத் தூண்ல நம்ம வேன் பெயின்ட் இருக்கு. கண்ணாடி உடைஞ்சது அங்கதான். பிள்ளைங்ககிட்டப் பேச்சுக் குடுத்தேன். கொஞ்ச நாளா வேன் தூண்கிட்டப் போகும்போதெல்லாம் இதுங்க எல்லாம் சேர்ந்து 'இடி இடி'ன்னு கத்துமாம். மாமா கடைசி நேரத்துல ஒடிச்சுத் திருப்புவாராம். அங்கிள் சர்க்கஸ் காட்டுறாருன்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டு வந்திருக்குதுங்க. என்னையும் சர்க்கஸ் காட்டச் சொல்லுதுங்க அக்கா."

ஃபோனைக் காதிலிருந்து எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வேன் நிறையப் பிள்ளைகளும், நானும், தம்பியும், எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார். "மருந்து எது குடுக்கிறதுன்னு முடிவு பண்ண அது தெரியணும்."

"வெள்ளிக்கிழமையிலிருந்து" என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்குத்தானே, படம் நல்லாத் தெரியுது என்றார்.

பிறகு நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை கெட்டது டிவி.

அதற்கும் முந்தின ஞாயிறு மத்தியானம் அவருக்குச் சோறு போட்டேன். தட்டில் சோறு, காய், ஓரத்தில் ஒரு அவித்த முட்டை. சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னைக்கு முட்டை இல்லையா?" என்று கேட்டார். முட்டை தட்டின் இடது ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. முட்டை சின்னதாக இருப்பதைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். "உங்க கஞ்சத்தனத்துக்கு இந்த சைஸ்தான் வரும்" என்று சொல்லி, அதை எடுத்து நானே சாப்பிட்டுவிட்டேன்.

"முட்டை இல்லையான்னு கேட்ட நாளிலிருந்து" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

கட்டிலில் படுத்திருந்த என் கணவர் மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். நான் நிற்கிற இடம்வரை திருப்பி, என்னைக் கண்டுபிடித்தார்.

"அன்னைக்கு முட்டை இருந்துச்சா?" என்றார்.